வரப்போற கூட்டத்தொடர்ல எங்க எம்எல்ஏ 12 கோரிக்கை வைக்கப் போறாராம், இதுல எத்தனை நடக்கும்?

தம்பி நீங்க அனுப்புன நோட்டீஸ முழுசா படிச்சேன். "வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் எனது முன்னுரிமைகள்"னு தலைப்பு போட்டு 12 பாயிண்ட். தாலுகா ஆஸ்பத்திரிய தரம் உயர்த்தணும், ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம், பெரிய ஏரிய தூர்வாரணும், அரசு கலைக் கல்லூரி, புது தாலுகா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்குற டாஸ்மாக்க எடுக்கணும், நீட் விலக்கு, துணை மின் நிலையம்னு போகுது. இதுல எத்தனை நடக்கும், இல்ல எல்லாமே சும்மா பேச்சான்னு கேட்டிருக்கீங்க.

நான் ஒரு எம்எல்ஏகிட்ட பத்து வருஷத்துக்கு கிட்ட உதவியாளரா இருந்தவன். ஊர் பேரு கட்சி பேரு வேணாம், ஆளுங்கட்சியாவும் இருந்திருக்கோம் எதிர்க்கட்சியாவும் இருந்திருக்கோம், ரெண்டு பக்கமும் மனு எழுதிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன், ஜனங்க நினைக்கிற மாதிரி சபையில எந்திரிச்சு பேசினா வேலை நடக்கும்னு இல்ல. பேசுறதுதான் கடைசி வேலை. அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஃபைல் நகர ஆரம்பிச்சிருக்கணும், இல்லன்னா நீங்க எவ்வளவு அழகா பேசினாலும் அமைச்சர் எந்திரிச்சு "மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் கோரிக்கை நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்"னு சொல்லிட்டு உக்காந்துருவாரு, அவ்வளவுதான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

முதல்ல ஒரு எம்எல்ஏவுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்னு பாருங்க. மொத்தம் 234 பேர். அரசியல் சட்டப்படி ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது, அவ்வளவுதான், எத்தனை நாள் நடத்தணும்னு அதுல இல்ல, அத அலுவல் ஆய்வுக் குழு கூடி முடிவு பண்ணும். 2021 தேர்தல் அறிக்கைல திமுக வருஷத்துக்கு 100 நாள் நடத்துவோம்னு சொன்னாங்க, அதுல பாதிய கூட தொடல. இருக்குற நாள்ல ஆளுநர் உரை, அதுமேல விவாதம், பட்ஜெட், அதுமேல விவாதம், அப்புறம் துறை வாரியா மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் வேணுங்குற பணத்த சபைகிட்ட கேக்குறது. நேரத்த கட்சி பலத்த வச்சுதான் பிரிப்பாங்க. பின் வரிசை உறுப்பினருக்கு ஒரு கூட்டத்தொடர்ல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ பத்து நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அந்த பத்து நிமிஷத்துல நாலு நிமிஷம் தலைவர புகழ்றதுக்கு போயிடும், ரெண்டு நிமிஷம் எதிர் வரிசையோட சண்ட, மிச்சத்துல தொகுதி கோரிக்கைய ரயில் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி கடகடன்னு படிப்பாங்க, அதுக்குள்ள பேரவைத் தலைவர் மணிய அடிச்சுருவாரு. 2021 ஆகஸ்ட்ல முதல்வர் ஸ்டாலினே தன்னோட கட்சி எம்எல்ஏக்கள பாத்து மானியக் கோரிக்கைல என்னைய புகழ்ந்துகிட்டு இருந்தா நடவடிக்கை எடுப்பேன்னு சொல்ற அளவுக்கு போச்சு. கொஞ்ச நாள் குறைஞ்சிருந்துச்சு.

சரி, அப்ப வேலை எங்க நடக்குது?

பட்ஜெட் பிப்ரவரி மார்ச்ல வருதுன்னா, துறைகள்ல இருந்து நிதித்துறைக்கு நம்பர் ஸ்டேட்மென்ட்னு பணியிடம், சம்பளக் கணக்கு ஒண்ணு போகும், அந்த வேலை முந்தின வருஷம் மழைக்காலத்துலயே ஆரம்பிச்சுரும். பட்ஜெட் முடிஞ்சதும் துறை வாரியா நாள் ஒதுக்கி மானியக் கோரிக்கை விவாதம் வரும், அன்னைக்கு துறையோட கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புத்தகம் வைப்பாங்க, விவாதத்துக்கு பதில் சொல்லி முடிக்கும்போது அமைச்சர் "புதிய அறிவிப்புகள்"னு ஒரு லிஸ்ட் படிப்பாரு. அந்த லிஸ்ட்ல உங்க ஊர் பேரு வரணும். அதுதான் மொத்த ஆட்டமே. அந்த லிஸ்ட் அன்னைக்கு காலைல எழுதுறது கிடையாது தம்பி, இயக்குநர் ஆபீஸ்ல இருந்து செயலாளர், அங்க இருந்து நிதித்துறை ஒப்புதல், அப்புறம் முதல்வர் ஆபீஸ், எல்லாம் தாண்டி வர்றது. உறுப்பினர் பேசி முடிச்ச அடுத்த நிமிஷம் அமைச்சர் அறிவிக்கிறத பாத்து "நம்ம ஆளு கேட்டாரு, உடனே குடுத்துட்டாங்க"ன்னு ஊர்ல பட்டாசு வெடிப்பாங்க. அது ஏற்கனவே அச்சாகி இருந்த பேப்பர். உறுப்பினருக்கு முதல் நாளே தெரியும், அதனாலதான் அத கேட்டாரு.

ஆக ஒரு எம்எல்ஏ உண்மையிலயே ஒரு கோரிக்கைய முன்னுரிமையா வச்சிருக்காருன்னா அதுக்கு அடையாளம் நோட்டீஸ் கிடையாது. கருத்துருன்னு ஒரு பேப்பர், அது யார் மேசைல இருக்குங்குறதுதான் அடையாளம். மாவட்டத்துல இருக்குற செயற்பொறியாளரோ இணை இயக்குநரோ மதிப்பீட்டோட கருத்துரு அனுப்பினாத்தான் சென்னைல ஃபைல் பிறக்கும். கருத்துரு இல்லாத கோரிக்கைக்கு சபையில கிடைக்கிற பதில் எனக்கு மனப்பாடம்: "தற்போது கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை." இந்த ஒரு வரிய கேட்டு எங்க எம்எல்ஏ மூஞ்சி செத்துப்போய் வெளிய வந்தத நான் பாத்திருக்கேன், தப்பு என்னோடது, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிக்காமயே கேள்வி எழுதிக் குடுத்துட்டேன்.

இப்ப உங்க நோட்டீஸுக்கு வர்றேன்.

ஆஸ்பத்திரி. இத பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா எல்லா எம்எல்ஏ லிஸ்ட்லயும் இதுதான் முதல்ல இருக்கும், அதிகம் ஏமாறுறதும் இதுலதான். "தரம் உயர்த்தணும்"னு சொல்றது ஒரு வார்த்தை, ஆனா அரசாங்கத்துக்கு அது 30, 40 பணியிடம், டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், எல்லாம் வருஷா வருஷம் சம்பளம். கட்டடம் ஒரு தடவ செலவு, நபார்டு வங்கி கடன்லயோ வேற எதுலயோ போட்ருவாங்க. புதுப் பணியிடம்னா நிதித்துறை லேசுல ஒத்துக்காது. ஒத்துக்கிட்டாலும் ஆள் எடுக்கணும், அதுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கு, அது நடந்து ஆள் வந்து சேர்றதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிரும். அதனாலதான் நெறைய ஊர்ல பளபளன்னு கட்டடம் இருக்கும் உள்ள மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டாரு. அதோட ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்ககம், தாலுகா ஆஸ்பத்திரி வேற இயக்ககம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மூணாவது இயக்ககம், எதுல இருந்து எதுக்கு உயர்த்தணும்னு தெரியாம மனு குடுத்தா அது மூணு ஆபீசுக்கும் சுத்திட்டு உங்க வீட்டுக்கே "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு வந்துரும்.

நாங்க மூணு வருஷம் தரம் உயர்வு தரம் உயர்வுன்னு கேட்டு ஒண்ணும் நடக்கல. அப்புறம் அங்க இருந்த ஒரு பெரிய நர்ஸம்மாதான் சொன்னாங்க, "ஏன்யா முழு ஆஸ்பத்திரிய கேக்குறீங்க, ராத்திரி பிரசவ கேஸ் எல்லாம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிகிட்டு இருக்கோம், ரத்தம் வச்சுக்குற வசதியும் மயக்க மருந்து டாக்டரும் மட்டும் கேளுங்க"ன்னு. அந்த ரெண்ட மட்டும், ஒரு வருஷத்துல எத்தனை கேஸ் வெளிய அனுப்பினாங்கன்ற கணக்கோட கேட்டோம். ரத்த சேமிப்பு வசதி முதல்ல வந்துச்சு, டாக்டர் அடுத்த வருஷம் மாற்றுப் பணியில வந்தாரு. சபையில அத பத்தி ஒரு வார்த்த பேசல, அதுதான் வேடிக்க. உங்க எம்எல்ஏகிட்டயும் இதையே சொல்லுங்க, "தரம் உயர்வு"ங்குறத நாலா ஒடைச்சு டயாலிசிஸா, ஸ்கேனா, டாக்டரா, எது முதல்லன்னு கேக்கச் சொல்லுங்க.

எம்எல்ஏ நிதில பண்ண முடியாதான்னு கேப்பீங்க. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபா, அது கலெக்டர் வழியா மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைல நடக்குற வேலை. கட்டடம், ரோடு, தண்ணி டேங்க், வகுப்பறை, இப்படி நிக்கிற சொத்துக்குத்தான். சம்பளத்துக்கு ஒரு பைசா எடுக்க முடியாது. அதுலயும் ஒரு பகுதிய எதுக்கு செலவு பண்ணணும்னு அரசே சொல்லிரும். 3 கோடிங்குறது கேக்க பெருசா இருக்கும், ஒரு தொகுதில இருக்குற ஊராட்சி எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க.

ரயில்வே மேம்பாலம், இது எம்எல்ஏ முன்னுரிமைன்னு போட்டா பாதிதான் உண்மை. தண்டவாளத்துக்கு மேல இருக்குற துண்டு ரயில்வேயோடது, ரெண்டு பக்கம் ஏறுற சாய்வு மாநில நெடுஞ்சாலைத் துறையோடது. செலவ பாதி பாதி பிரிச்சுக்கணும்னா ஒரு நாளைக்கு கேட்ட கடக்குற ரயில் எண்ணிக்கையையும் வண்டி கணக்கையும் பெருக்கி வர்றது 1 லட்சத்த தாண்டணும்னு ரயில்வேல ஒரு கணக்கு உண்டு. உங்க கேட்டுல 50 ரயில் போகுதுன்னா 2,000 வண்டி கணக்கு வரணும். முதல்ல அந்த சர்வே ஆச்சான்னு கேளுங்க. ஆயிருந்தா அடுத்தது நிலம். தமிழ்நாட்டுல நடுவுல மட்டும் பாலம் நின்னு ரெண்டு பக்கமும் இறங்க வழியில்லாம அந்தரத்துல தொங்குற ஊர் எத்தனை இருக்கு, எல்லாம் நில எடுப்பு கோர்ட் கேஸ்ல மாட்டினது. அங்க எம்எல்ஏவால பண்ண முடிஞ்ச உருப்படியான காரியம், கடைக்காரங்களையும் வீட்டுக்காரங்களையும் வருவாய்த் துறையையும் உக்கார வச்சு பேசி முடிக்கிறது. அது சட்டமன்றத்துல நடக்காது, கல்யாண மண்டபத்துல நடக்கும். ஆனா தன்னோட ஓட்டு இருக்குற கடைவீதியில நிலம் எடுக்க எந்த எம்எல்ஏ முன்னாடி நிப்பாரு சொல்லுங்க.

ஏரி. ஒரே ஒரு கேள்வி, உங்க ஏரியோட ஆயக்கட்டு, அதாவது அதுல பாசனமாகுற நிலம், எவ்வளவு? 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத் துறை, அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம். நோட்டீஸ்ல "பெரிய ஏரி"ன்னு போட்ருக்கறதால முதல் வகையா இருக்கும், அப்ப மானியக் கோரிக்கைல துரைமுருகன் மாதிரி ஆளுங்க உக்காந்திருந்த அந்தத் துறைக்குதான் கேக்கணும், ஊரக வளர்ச்சிக்கு கேட்டா வீண். 2021 வரைக்கும் நீர்வளம் பொதுப்பணித் துறைக்குள்ளதான் இருந்துச்சு, அதுக்கப்புறம் நீர்வளத்த தனியா பிரிச்சாங்க, இன்னும் ஊர்ல எல்லாரும் பிடபிள்யுடின்னுதான் சொல்வாங்க.

தண்ணி விஷயம்னாலே பொறுமை வேணும். அத்திக்கடவு அவினாசி திட்டத்த பாருங்க, 60 வருஷத்துக்கு மேல கோவை திருப்பூர் ஈரோடு பக்கம் கேட்டுகிட்டே இருந்தாங்க, எந்தக் கட்சி ஜெயிச்சாலும் அவினாசி எம்எல்ஏ அத பேசாம சபைய விட்டு வந்திருக்க மாட்டாரு. 2016 பிப்ரவரில ஜனங்க உண்ணாவிரதமே இருந்தாங்க. 2019ல அடிக்கல், 2024 ஆகஸ்ட்ல திறப்பு, 1,916 கோடி, 1,045 ஏரி குளம். அதுவும் ஆரம்பத்துல நினைச்ச மாதிரி மேல இருந்து தானா ஓடி வர்ற தண்ணி இல்ல, காளிங்கராயன் அணைக்கட்டுக்கு கீழ இருந்து உபரி ஒன்றரை டிஎம்சிய மோட்டார் போட்டு மேல ஏத்துறது. திட்டத்தோட உருவத்தையே மாத்தின பிறகுதான் நடந்துச்சு. கேக்குற மாதிரியே கிடைக்கணும்னு நின்னிருந்தா இன்னும் கேட்டுகிட்டே இருந்திருப்பாங்க.

கல்லூரி அறிவிப்பு வர்றது மத்ததவிட சுலபம், ஒரே அறிவிப்புல நாலஞ்சு ஊர சேத்து சொல்வாங்க, முதல் வருஷம் ஏதாவது அரசுப் பள்ளி கட்டடத்துல நடக்கும், கௌரவ விரிவுரையாளர்கள வச்சு ஓட்டுவாங்க. சொந்தக் கட்டடத்துக்கு இடம் இப்பவே புறம்போக்குல பாத்து வச்சிருக்காங்களான்னு மட்டும் கேளுங்க.

புது தாலுகா, புது மாவட்டம் எல்லாம் அரசியல் முடிவு, தாசில்தார் ரிப்போர்ட் இருந்தா போதும்னு நினைக்காதீங்க, மேல இருக்குறவங்களுக்கு தோணணும். மயிலாடுதுறை ஜனங்க நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸ் போகணும்னா நடுவுல காரைக்கால், அதாவது இன்னொரு ஆட்சிப் பகுதிய தாண்டிப் போகணும், இதவிட பெரிய நியாயம் என்ன வேணும், இருந்தும் 1991ல நாகை மாவட்டம் வந்ததுல இருந்து காத்திருந்தாங்க. 2019ல தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சு மாவட்டம் அறிவிச்சாங்க, அதுல இவங்க பேரு இல்ல. 2020 மார்ச்ல 110 விதில அறிவிச்சாரு எடப்பாடி, டிசம்பர்ல மாவட்டம் ஆச்சு. 110 விதின்னா தெரியும்ல, அறிக்கை படிச்சா அதுமேல விவாதம் கிடையாது, யாரும் எந்திரிச்சு பணம் எங்கன்னு கேக்க முடியாது. ஜெயலலிதா காலத்துல அது தினமும் பேப்பர்ல வரும்.

டாஸ்மாக். இது நடக்கலாம். ஒரு கடைய இடம் மாத்துறதுக்கு சட்டமன்றமே தேவையில்ல, கிராம சபைத் தீர்மானமும் கலெக்டரும் ஊர்ல நாலு அம்மாக்கள் ரோட்டுல உக்காந்தாலும் போதும். மொத்தமா மூடுறதுன்னாத்தான் சபை. 2023 ஏப்ரல் மானியக் கோரிக்கைல 500 கடைய மூடுறோம்னு அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னாரு, ஜூன் 22 அன்னைக்கு மூடினாங்க. நான் மேல சொன்ன "புதிய அறிவிப்புகள்" லிஸ்ட் எப்படி வேலை செய்யும்ங்கறதுக்கு இதவிட சுத்தமான உதாரணம் இல்ல.

நீட் விலக்க எதுக்கு போட்டாங்கன்னு தெரியல. 2021 செப்டம்பர்ல மசோதா நிறைவேத்தி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரில மறுபடி நிறைவேத்தி, கடைசில குடியரசுத் தலைவர் ஒப்புதல் குடுக்கலன்னு 2025 ஏப்ரல்ல முதல்வரே சபையில சொல்லிட்டாரு. உங்க எம்எல்ஏ இதுல கை தூக்குறதத் தவிர பண்றதுக்கு ஒண்ணுமில்ல.

தனி ஆளா ஒரு எம்எல்ஏ சட்டமே கொண்டு வரலாமேன்னு சில பேரு கேப்பாங்க. கொண்டு வரலாம், தனி உறுப்பினர் மசோதான்னு இருக்கு, நடைமுறையில செத்த பாம்பு. செலவு வைக்கிற மசோதான்னா ஆளுநர் பரிந்துரையும் வேணும், அது அரசு சொன்னாத்தான் கிடைக்கும். பழைய காலத்துல முத்துலட்சுமி ரெட்டி 1930ல தேவதாசி ஒழிப்புக்கு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமானது 1947ல. ஆனா அவங்க நடுவுல பதவிய விட்டுப் போயும் விஷயத்த விடல, அது வேற ரகம்.

எதிர்க்கட்சி எம்எல்ஏவா இருந்தா என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தீங்க. கஷ்டம்தான், ஆனா கைல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். வெட்டுத் தீர்மானம்னு குடுப்பாங்க, அந்தத் துறைக்கு ஒதுக்குற பணத்துல 100 ரூபா குறைக்கணும்னு. அது ஜெயிக்காது, ஜெயிச்சா ஆட்சியே போயிரும். ஆனா அதுல உங்க ஊர் ரோட்டு பேர எழுதி குடுத்தா அச்சாகும், துறைல ஒருத்தன் அதுக்கு பதில் தயார் பண்ணியே ஆகணும். அதே மாதிரி கேள்வி நேரம், 2022ல இருந்து லைவாவே பாக்கலாம். கேள்விக்கு பதில் எழுதுறதுக்காக மாவட்டத்துல இருந்து ஒரு ரிப்போர்ட் போகும்ல, பாதி நேரம் அந்த ரிப்போர்ட் கேக்குற பரபரப்புலயே தூங்கிட்டு இருந்த ஃபைல் எந்திரிச்சுரும். 2022 ஆகஸ்ட்ல "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்"னு 234 பேருக்கும் கடிதம் போட்டு, ரொம்ப நாளா நிறைவேறாத 10 கோரிக்கைய 15 நாளைக்குள்ள கலெக்டர்கிட்ட குடுங்கன்னு கேட்டாங்க, அதுல எதிர்க்கட்சியும் உண்டு. அப்ப எங்க ஆபீஸ்ல 10 எழுதணும்னு உக்காந்தா 70 வந்துச்சு, ஒவ்வொரு ஒன்றியத்துக்காரனும் என் ஊர விட்டுட்டீங்களேன்னு சண்டைக்கு வந்தான். கடைசில 10னு பேரு, உள்ள அ, ஆ, இன்னு போட்டு 26 ஆக்கிட்டோம். அதுல எது முக்கியம்னு நாங்களே சொல்லாதப்ப கலெக்டர் எப்படி சொல்லுவாரு. சுலபமானத எடுத்துட்டு மத்தத "சாத்தியமில்லை"ன்னு எழுதிட்டாங்க.

இன்னொன்னு, யாரும் பேசாதது. சட்டமன்றத்துல அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அமைச்சர் சபையில "செய்து தரப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்"னு வாய் விட்டுட்டா அது உறுதிமொழின்னு பதிவாகும், இந்தக் குழு மாவட்டம் மாவட்டமா வந்து அதிகாரிகள உக்கார வச்சு அந்த உறுதிமொழி என்னாச்சுன்னு கேக்கும். பத்து வருஷத்துக்கு முந்தினது கூட நிலுவைல இருக்கும். உங்க மாவட்டத்துக்கு குழு வர்றப்ப உங்க ஊர் உறுதிமொழி அந்த லிஸ்ட்ல இருக்கான்னு எம்எல்ஏ ஆபீஸ்ல பாக்கச் சொல்லுங்க, நெறைய பிஏக்களுக்கே இது தெரியாது.

அறிவிப்பு வந்தாலும் துள்ளிக் குதிக்காதீங்க. அறிவிப்புக்கு அப்புறம் அரசாணை, அதுல நிர்வாக அனுமதி, அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், அப்புறம்தான் பொக்லைன் வரும். பட்ஜெட் புத்தகத்துல தொகையெல்லாம் ஆயிரத்துல போட்ருப்பாங்க, ஒரு திட்டத்துக்கு நேரா வெறும் 1னு இருந்தா அது ஆயிரம் ரூபா, கோடி இல்ல. கணக்குத் தலைப்பு தொறந்து வச்சிருக்கோம், பணம் பின்னாடி பாக்கலாம்னு அர்த்தம். அத காட்டி "பட்ஜெட்ல வந்துருச்சு"ன்னு போஸ்டர் ஒட்டினவங்கள எனக்குத் தெரியும், ஒட்டினதுல ரெண்டு மூணு நானே வாசகம் எழுதினது.

கடைசியா, உங்க நோட்டீஸ்ல 9ஆவதா இருக்குற துணை மின் நிலையம். அத மட்டும் போன வருஷ எரிசக்தித் துறை கொள்கை விளக்கக் குறிப்ப எடுத்து பின்பக்க அட்டவணைல தேடிப் பாருங்க. 12 பாயிண்ட் லிஸ்ட் போடுறப்ப ஏற்கனவே அரசாணை வந்து வேலை ஆரம்பிக்கப் போற ஒண்ண நடுவுல சொருகி வைக்கிறது எங்க தொழில்ல பழக்கம், கூட்டத்தொடர் முடிஞ்சு ஊருக்கு வர்றப்ப கைல காட்ட ஒண்ணு வேணும்ல. நாங்க எப்பவும் 9ஆவது இடத்துலதான் வைப்போம்.